அப்பாவிடம் கையெழுத்து வாங்கச் சொன்ன அட்ஜஸ்டர்

சர்ரக்.

இரும்பு அளவுநாடா தன் கூட்டுக்குள் திரும்பி ஓடும் சத்தம் அது. போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு இரும்புக் கடையைக் கடந்தபோது காதில் விழுந்தது. உள்ளே யாரோ திரைச்சீலைக் கம்பி அளந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான். என் கையோ தானாகச் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டது. அங்கே எழுதி மடித்து வைத்த தாள் ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அட்ஜஸ்டர் பழக்கிவிட்ட பயம். தமிழ்க் கவிதையைக் கேட்டு அழுதவர்கள் உண்டு, திட்டியவர்கள் உண்டு, தூங்கியவர்கள் ஏராளம். அளவுநாடாவை விரித்துக் கவிதையை அளந்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். அடையாள அட்டையில் நிச்சயம் இருக்கும். எங்களுக்கு அட்ஜஸ்டர்தான். கார் மரத்தில் மோதிவிட்டது என்று எழுதிக் கொடுத்தால், மரம் அங்கே நிற்கிறதா, நின்றால் யார் யார்மேல் மோதினார்கள் என்று நேரில் பார்த்துவர காப்புறுதிக் கம்பெனி ஒரு ஆளை அனுப்பும் இல்லையா? நாற்பது வருஷம் அந்த ஆளாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஒரு சனிக்கிழமை வாழையிலைச் சாப்பாட்டுக்கு வந்திருக்கிறார். அந்தக் கடையின் மாடியில்தான் எங்கள் கவிதை வட்டம் கூடும். மேலே திடீரென்று கைதட்டல் கேட்கவும் கூரை இடிந்துவிட்டது என்று நினைத்து, எச்சில் கையோடு ஏறி வந்தார். கூரை இருந்தது. இருந்தும் அவர் இறங்கவில்லை.

அன்று செராஸிலிருந்து வரும் குமார் வாசித்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் அண்ணனின் தோளில் ஏறி நின்று தைப்பூசத் தேர் பார்த்ததாகவும், இன்றும் தன் கண்கள் அந்த உயரத்திலேயே தங்கிவிட்டதாகவும் கவிதை. எல்லோரும் ‘ஆகா’ என்றோம். கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“தம்பி, அப்ப உங்க அண்ணனுக்கு என்ன வயசு?”

“ஒன்பது, அங்கிள்.”

“உங்களுக்கு?”

“ஏழு.”

அட்ஜஸ்டர் எச்சில் படாத கையால் சுவரில் இரண்டு உயரங்களைக் காட்டினார். “ஒன்பது வயசு பையன் ஏழு வயசு பையன தோள்ல தூக்கினா ரெண்டு பேரும் பாக்கப் போறது தேர இல்ல. தார் ரோட்ட.”

“அங்கிள், அது ஒரு உணர்வு லா.”

“உணர்வு இருக்கட்டும். விழுந்தீங்களா இல்லையா?”

குமார் எங்களைப் பார்த்தான். நாங்கள் மேசையைப் பார்த்தோம்.

“விழுந்தோம்.”

“யாருக்கு அடி?”

“அண்ணனுக்கு. முன் பல்லு ரெண்டு போச்சு. என் கால விடவே இல்ல அவன். விட்டிருந்தா கைய ஊனியிருப்பான்.”

“அத எங்க எழுதியிருக்கீங்க? நான் ஒருதடவதான் கேட்டேன், என் காதுல படல.”

அடுத்த சனிக்கிழமை குமார் அந்தப் பல்லைப் பற்றி எழுதி வந்தான். அவன் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்று எழுதியதில்லை. எங்கள் வட்டத்தை நடத்தும் புஷ்பா டீச்சர் ஓய்வு பெற்ற தமிழாசிரியை, யாரையும் சுலபத்தில் பாராட்டாதவர். குமார் வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அட்ஜஸ்டர் தலையை மட்டும் ஆட்டினார். “இப்ப வண்டி ஓடுது.”

அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. ‘அம்மாவின் சேலை வானம் அளவு’ என்று ஒருவர் வாசித்தால், “ஒம்பது கெஜமா ஆறு கெஜமா?” என்பார். ‘தங்கையின் அழுகையில் தெருவே நனைந்தது’ என்றால், “அன்னைக்கு மழ பேஞ்சுதா, அதயும் சேத்து கணக்கு காட்டுறீங்களா?” என்பார். கிண்டல் என்றுதான் முதலில் நினைத்தோம். மனிதர் முகத்தில் கிண்டலே இருக்காது. டயர்த் தடத்தைக் குனிந்து பார்க்கிறவரின் முகம்தான் இருக்கும்.

அப்போதுதான் நாங்கள் ஒரு தொகுப்பு கொண்டுவர முடிவு செய்தோம். அம்மா, அப்பா, உடன்பிறந்தவர்கள், சின்ன வயது ஞாபகங்கள், இவை மட்டும். கவிதைகளைச் சேர்க்கும் பொறுப்பை அட்ஜஸ்டரிடம் கொடுத்தோம். எங்களில் நேரத்துக்கு வருகிற ஒரே ஆள் அவர்தான். அதுவே எங்கள் வாழ்க்கையின் பெரிய விபத்து.

மறுவாரம் அவர் அச்சடித்த ஃபாரங்களோடு வந்தார். ‘கவிதையில் சம்பந்தப்பட்ட உறவினர். உறவு முறை. உயிருடன் உள்ளாரா. சம்பவம் நடந்த இடம்.’ அடியில் ஒரு கோடு. அதில் அந்த உறவினர் கையெழுத்துப் போட வேண்டும்.

“என்ன அட்ஜஸ்டர் இது! கவிதைக்கு யாராச்சும் கையெழுத்து வாங்குவாங்களா?” என்றார் புஷ்பா டீச்சர்.

“டீச்சர், ரெண்டு கார் மோதினா நான் ஒரு டிரைவர மட்டும் கேட்டு ரிப்போர்ட் எழுதினதே இல்ல. குடும்பக் கவிதன்னா எப்பவும் ரெண்டு வண்டி. இன்னொரு வண்டிக்காரர் என்ன சொல்றார்னு பாக்க வேணாமா?”

“செத்துப் போனவங்ககிட்ட எப்படி வாங்குறது?”

“கூட இருந்தவங்ககிட்ட வாங்குங்க. எந்த வீட்லயும் ஒருத்தராச்சும் பாத்திருப்பாங்க லா.”

வேடிக்கைக்குத்தான் புஷ்பா டீச்சர் ஃபாரத்தை வீட்டுக்குக் கொண்டுபோனார். அவருடைய கவிதை, பிள்ளைகளுக்கு மீனைக் கொடுத்துவிட்டு ‘எனக்கு மீன் பிடிக்காது’ என்று சொன்ன அம்மாவைப் பற்றியது. பல பள்ளிகளில் பேச்சுப்போட்டிக்கே அதைச் சொல்வார்கள். அவருடைய அம்மா தொண்ணூறை நெருங்குகிறவர். கவிதையைக் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: “நான் எப்ப புடிக்காதுன்னு சொன்னேன்? நீங்கதான் தலைய மட்டும் எனக்கு வச்சீங்க. இன்னைக்கு வரைக்கும் நடுத்துண்டு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது.” 

டீச்சர் அன்றே பாசாருக்குப் போய், இருப்பதிலேயே பெரிய மீனாக ஒன்று வாங்கி, நடுத்துண்டு முழுவதையும் அம்மாவுக்கே பொரித்துக் கொடுத்தார். கவிதையைத் திருத்தினார். கிழவி கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு ஃபாரத்தை யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

என்னைத் தவிர.

என் கவிதைக்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. கிள்ளானில் நான் ஏழு வயதுப் பையனாக இருந்தபோது, முடிவெட்டும் கடையில் என்னை உட்கார வைத்துவிட்டு அப்பா போய்விட்டார். முடி வெட்டி முடிந்தது. அவர் வரவில்லை. கடை அடைக்கும் நேரம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அதை எழுதினேன். ‘எதிரெதிர்க் கண்ணாடிகள். ஒன்றுக்குள் ஒன்றாக ஆயிரம் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவனுக்கும் அப்பா இல்லை. ஒரு யுகம் கழித்து அவர் வந்தார், சிரித்தபடி.’ நான் எழுதியதிலேயே ஊர் ஞாபகம் வைத்திருப்பது அந்த ஒன்றைத்தான். எங்கே போனாலும் அதையே வாசிக்கச் சொல்வார்கள். தொகுப்பில் முதல் கவிதை அதுதான் என்று பேசி வைத்திருந்தோம்.

அப்பாவுக்கு மட்டும் அதை நான் வாசித்துக் காட்டியதில்லை. ஆறு வருஷத்துக்கு முன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். திரும்பிப் பார்த்தேன். வராந்தாவில் அப்பா சிரித்துக்கொண்டு நின்றார். அதே சிரிப்பு. அன்றோடு எனக்குள் ஏதோ இழுத்து மூடிக்கொண்டது. தீபாவளிக்குத் தொலைபேசியில் ‘சொகமா?’ என்பேன், ‘சொகம்’ என்பார், தம்பியிடம் கொடுத்துவிடுவார். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளான் ஒரே ரயில். நான் ஏறவில்லை.

“கையெழுத்து வாங்க முடியாது. கவிதையை எடுத்துடுங்க” என்றேன் அட்ஜஸ்டரிடம்.

அவர் எடுக்கவில்லை. வந்த கவிதைகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பியிருந்தார். “தம்பி, இதெல்லாத்தயும் மூணு தடவ படிச்சேன். அம்மாங்க பூரா சமையக்கட்டுல நிக்கிறாங்க. அப்பாங்க பூரா முதுகு காட்டிகிட்டு நடந்து போறாங்க. யாருமே அப்பா மூஞ்சிய பாத்ததில்ல போல. உன் கவிதைல மட்டும்தான் ஒரு அப்பாவுக்கு மூஞ்சி இருக்கு.” விரலைக் கடைசி வரியில் வைத்தார். “ஆனா இந்த சிரிப்பு ஒட்டல.”

“நான் பாத்தேன், அண்ணே.”

“நீ பாத்தத நான் இல்லன்னு சொல்லல. புள்ளய தொலச்சிட்டு தேடி வர்றவன் சிரிச்சுகிட்டு வர மாட்டான். நாப்பது வருஷத்துல அப்படி ஒரு ஆள நான் பாத்ததில்ல. இங்க என்னமோ இருக்கு.”

எனக்கு அங்கேதான் பயம். அப்பாவிடம் ஒரு நல்ல காரணம் இருந்துவிட்டால்? அவர் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். லோரி பழுது, அவசர லோடு, யாருக்கோ உயிர் போகும் உதவி. அப்படி ஒன்று இருந்தால் என் ஒரே நல்ல கவிதை அந்த நிமிஷமே செத்துப்போகும். கூடவே, நாற்பது வருஷமாக நான் சுமந்த கோபமும் போகும். அது இல்லாமல் எப்படி நடப்பது என்று எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டு வாசலில் ஹார்ன் அடித்தார்.

கிள்ளானில் முதலில் முடிவெட்டும் கடை. அது இன்னும் அங்கேயே இருந்தது. கடைக்காரர் புதியவர், கண்ணாடிகள் பழையவை. அட்ஜஸ்டர் உள்ளே நுழைந்ததும் நாடாவை விரித்தார். வாசலிலிருந்து பெஞ்சு, பெஞ்சிலிருந்து கண்ணாடி, தரையிலிருந்து பெஞ்சு.

“முடி வெட்டணுமா, பாஸ்?”

“இல்ல பாஸ். சம்பவம் நடந்த எடத்த பாக்க வந்தோம்.”

கடைக்காரர் கையிலிருந்த கத்தரிக்கோல் நின்றது. “சம்பவமா? என் கடைலயா? யார் கம்ப்ளேன் பண்ணது? லைசென்ஸ் எல்லாம் கரெக்டா இருக்கு பாஸ்!”

“நீங்க இல்ல. இந்த தம்பிய இங்க விட்டுட்டு போயிட்டாங்க.”

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு வயது ஐம்பது, தாடி நரைத்துவிட்டது. “எப்ப?” என்றார் கவலையோடு.

என்னைப் பெஞ்சில் உட்கார வைத்து, அட்ஜஸ்டர் என் தோளுக்குப் பின்னால் குனிந்து கண்ணாடிக்குள் எண்ணினார். பாதி மழித்த முகத்தோடு நாற்காலியில் இருந்த வாடிக்கையாளரும் சேர்ந்து எண்ணினார்.

“ஆயிரம் வரல. பதினொண்ணுதான் தெளிவா தெரியுது.”

“பன்னெண்டு, அங்கிள்” என்றார் வாடிக்கையாளர். “அந்த கோடில சின்னதா ஒருத்தன் இருக்கான்.”

“கரெக்ட். பன்னெண்டு.” குறித்துக்கொண்டார்.

பத்து நிமிஷத்தில் அப்பா வீட்டு வாசலில் நின்றோம். தம்பியும் குடும்பமும் வெளியே போயிருந்தார்கள். எண்பத்திரண்டு வயது அப்பா, தரையில் ஒரு மின்விசிறியைப் பிரித்துப் போட்டுத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழ முயன்றார்.

“என்னடா திடீர்னு?”

நான் வாயைத் திறப்பதற்குள் அட்ஜஸ்டர் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார். “அண்ணே, உங்க மகன் உங்களப் பத்தி ஒண்ணு எழுதியிருக்காரு. படிக்கிறேன். சரியா தப்பான்னு நீங்க சொல்லணும்.”

வாசித்தார். வண்டி எண்ணைப் படிப்பது போன்ற குரலில், ஏற்றமில்லை, இறக்கமில்லை. நான் மேடைகளில் எத்தனையோ விதமாக வாசித்திருக்கிறேன். அந்த வரிகள் இவ்வளவு கடுமையானவை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அப்பா விசிறியின் இறக்கை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். “இன்னொரு தடவ படிங்க, தம்பி” என்றார். அட்ஜஸ்டர் இன்னொரு தடவை படித்தார்.

அட்ஜஸ்டர்தான் தொடங்கினார். அதுவரை நான் கேட்டிராத குரல், கெஞ்சுகிற மாதிரி. “அண்ணே, நல்லா யோசிச்சு சொல்லுங்க. அன்னைக்கு லோரி கெட்டுப் போயிருக்கும், இல்லயா?”

“இல்ல. அன்னைக்கு எனக்கு லீவு.”

“போர்ட்ல அவசரமா கூப்ட்டிருப்பாங்க?”

“இல்ல தம்பி.”

“யாருக்காச்சும் ஒடம்பு முடியாம…”

“மறந்துட்டேன்.”

அட்ஜஸ்டரின் பேனா அப்படியே நின்றது.

“எதிர்ல கோப்பிக் கடை. டீவில பந்து வெளயாட்டு. சும்மா எட்டிப் பாத்தேன், உக்காந்துட்டேன். முடிஞ்சதும் கூட்டாளிங்களோட பேசிகிட்டே வீட்டுக்கு வந்துட்டேன். இவங்கம்மா ‘புள்ள எங்க?’ன்னு கேட்டா. ‘எந்தப் புள்ள?’ன்னேன்.” இறக்கையைத் துடைத்தார். “வேற காரணம் ஒண்ணும் இல்ல.”

எனக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. கவிதை பிழைத்துவிட்டது. ஆனால் சந்தோஷப்படத் தோன்றவில்லை. நாற்பது வருஷமாக வீசக் காத்திருந்த கல்லை, அந்த மனிதர் தானே வந்து வாங்கிக்கொண்டார்.

அட்ஜஸ்டர் அடுத்த வரிக்குப் போனார். “ஒரு யுகம்னு போட்டிருக்காரு. மூணு மணி நேரம் இருக்குமா?”

“மூணு மணி நேரம் இருக்கும். ஆனா புள்ளைக்கு அது யுகம்தான். அத மாத்தாதீங்க.”

“ஆயிரம் புள்ளைங்க? நாங்க எண்ணுனதுல பன்னெண்டு.”

“ஆயிரமே இருக்கட்டும்.” அப்பா முதல்முறையாக என் பக்கம் திரும்பினார். “ஒண்ணுதான் தப்பு. நான் சிரிக்கலடா.”

“நான் பாத்தேம்பா.”

“பயந்துட்டேன். நீ அங்க இல்லாம போயிருந்தா என்ன பண்றதுன்னு பயந்து ஓடி வந்தேன். பயந்தா என் மூஞ்சி இப்படித்தான் போகும். போர்ட்ல ஒருதடவ லோரி தானா பின்னாடி உருண்டுச்சு, ஒருத்தன் அடில மாட்டியிருப்பான். ‘என்னா மேன் சிரிக்கிற’ன்னு சூப்பர்வைசர் அடிக்கவே வந்துட்டான். உங்கம்மாவுக்குத் தெரியும். அந்த மூஞ்சிய பாத்தான்னா பக்கத்துல வந்து ‘ஒண்ணும் ஆவாது, பயப்படாதீங்க’ம்பா.”

ஆஸ்பத்திரி வராந்தா என் கண்முன் வந்து நின்றது.

“அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்பவுமாப்பா?”

அப்பா தலையசைத்தார். “அன்னைக்கு பக்கத்துல வந்து சொல்றதுக்கு அவ இல்ல.”

அட்ஜஸ்டர் சத்தமில்லாமல் எழுந்தார். வாசலுக்குப் போனார். யாரும் கேட்காமலே எங்கள் வீட்டு இரும்புக் கேட்டை அளக்கத் தொடங்கினார். உயரம், அகலம், கம்பிகளுக்கு இடையே உள்ள தூரம். அப்பாவும் நானும் பேசி முடிக்கிற வரை, அந்தக் கேட்டை அவர் முழுதாக அளந்தார். என்ன பேசினோம் என்று இங்கே எழுதப் போவதில்லை. மின்விசிறியைத் திரும்பப் பூட்டினோம் என்று மட்டும் சொல்கிறேன். ஒரு திருகு மிஞ்சிவிட்டது. அது இல்லாமலே ஓடியது.

அப்பா மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஃபாரத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். கீழே அட்ஜஸ்டர் எழுதினார்: ‘கோரிக்கை உண்மை. பொறுப்பை எதிர்த்தரப்பு முழுமையாக ஒப்புக்கொண்டது. ஒரு சொல் சர்ச்சைக்குரியது.’

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்லுக்காகச் சண்டை. மாற்றியே தீர வேண்டும் என்றார். நான் முடியாது என்றேன். அன்று அந்தப் பையன் பார்த்தது சிரிப்பைத்தான். ஐம்பது வயதுக்காரன் போய் அதைத் திருத்துவது அவனுக்குச் செய்யும் துரோகம். ஷா ஆலம் தாண்டியதும் அட்ஜஸ்டர், “ரெண்டு டிரைவர் சொன்னதயும் போட்டுரு” என்றார்.

அப்படியே செய்தோம். ‘சிரித்தபடி’ என்று கவிதை முடிகிறது. அதன் கீழே சின்ன எழுத்தில்: ‘நான் சிரிக்கலடா. பயந்துட்டேன்.’ வெளியீட்டு விழாவில் பேசிய விமர்சகர் ஒருவர், இது ஒரு துணிச்சலான புதிய உத்தி என்று கால் மணி நேரம் விளக்கினார். முன்வரிசையில் அப்பா, அது தன்னுடைய உத்தி என்பது போல உட்கார்ந்திருந்தார். அட்ஜஸ்டர் விமர்சகரின் பேச்சை நேரம் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார்.

மூன்று மாதத்துக்கு முன், அவர் ஜொகூர் பாருவில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட முடிவு செய்தார். முழங்கால் படி ஏற மறுக்கிறது என்றார். வழியனுப்ப ரயில் நிலையத்துக்குப் போனேன். ஒரு பெட்டி, பொட்டலம் கட்டிய ஒரு பங்குஸ் சாப்பாடு, அவ்வளவுதான். இரண்டு பேரும் அறிவிப்புப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான்தான் கேட்டேன்.

“எல்லார் கவிதையையும் பிரிச்சு மேஞ்சீங்க. நீங்க ஒண்ணுகூட எழுதலயே, அண்ணே?”

“எழுதாம என்ன. ஒண்ணு இருக்கு. கேரி தீவுத் தோட்டத்துல, லயத்து வீட்டுல இருந்தப்ப, அம்மா, அக்கா, நான்.” பெட்டியின் பிடியைத் திருகினார். “ரெண்டு பேரும் போயாச்சு. அந்த லயத்துல இருந்தவங்க யாரும் இப்ப இல்ல. நான் என்ன எழுதினாலும் ‘அப்படி இல்ல’ன்னு சொல்ல ஒரு ஆள் கெடயாது. அத எப்படி வெளில குடுக்கறது?”

அந்த மனிதரை நான் அதுவரை கட்டிப்பிடித்ததில்லை. அப்போதும் பிடிக்கவில்லை, அவருக்குப் பிடிக்காது. கையை நீட்டினேன்.

“என்கிட்ட குடுங்க. நான் சொல்றேன், அப்படி இல்லன்னு.”

என்னை உற்றுப் பார்த்தார். பெட்டியின் பக்கப் பையைத் திறந்து, நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். டிக்கெட்டைக் காட்டிவிட்டு உள்ளே போனார். நாலு அடி போனவர் நின்று, கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டார்.

“தம்பி! வீட்ல உக்காந்துகிட்டு பொய்யின்னு எழுதிராத. கேரி தீவுக்கு ஒரு நட போய் பாத்துட்டு, அப்புறமா சொல்லு லா!”